ஜோடி ஆட்டம்
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசு என்று செயலாளர் சொன்னார். நான் ஆடியது ஷட்டில் ஒன்றுதான். அதிலும் டபுள்ஸ். ஆகவே ஒரு டபுள்ஸ் வீராங்கனையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் தீனா முரளிதரன். மலேசியத் தமிழ்ப் பெண், 1998இல் பிறந்தவர். நம்ம ஊரில் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்து. அங்குள்ள தமிழர்கள் ஷட்டில் ஆட்டத்தையே பூப்பந்து என்கிறார்கள்.

தீனாவின் ஜோடி பேர்லி டான், சீன வம்சாவளிப் பெண். இவரைவிட இரண்டு வயது சின்னவர். 2021 மார்ச்சில் சுவிஸ் ஓப்பன், அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரெஞ்சு ஓப்பன் என்று இருவரும் சேர்ந்து ஜெயித்தார்கள். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி. கலப்பு அணி இறுதி ஆட்டத்தில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. மலேசியா 2-1 என்று முன்னால் இருந்தபோது இந்த ஜோடி இறங்கி, நம்ம டிரீசா ஜாலி, காயத்ரி கோபிசந்த் ஜோடியை 21-18, 21-17 என்று ஜெயித்துத் தங்கத்தை முடிவு செய்தது. பெண்கள் இரட்டையர் தங்கமும் அவர்களுக்கே. டிவி முன்னால் உட்கார்ந்து யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் முழித்தவன் நான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் அரையிறுதி வரை போனார்கள். மலேசியப் பெண்கள் ஜோடி எதுவும் அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதில்லை. அரையிறுதியில் சீன ஜோடியிடம் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் ஜோடியிடமும் தோற்று, வெறுங்கையோடு திரும்பினார்கள். நான்காம் இடத்துக்கு ஏது பதக்கம்? அடுத்த வருஷம், 2025 ஆகஸ்டில், அதே பாரிஸில், அதே அரங்கத்தில் உலகச் சாம்பியன் போட்டி. இந்தத் தடவை இறுதி ஆட்டம் வரை போய், 14-21, 20-22 என்று தோற்று, வெள்ளி வாங்கினார்கள். தோற்ற இடத்துக்கே, அதே ஜோடியாகத் திரும்பப் போனார்கள் பாருங்கள், அதைத்தான் நான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயம். 2023இல் பெண்களில் மிக வேகமான ஸ்மாஷ் என்று கின்னஸில் ஏறியது பேர்லி அடித்தது. மணிக்கு 438 கிலோமீட்டர்! அது தனியாக அடித்துக் காட்டிய சாதனை. ஆனால் ஆட்டத்தில் அப்படி ஓங்கி அடிக்க, எதிராளி பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவனைத் தூக்க வைப்பது வலைக்குப் பக்கத்தில் நிற்பவர் வேலை. அதற்கு யாரும் வேகம் அளப்பதில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஜோடியாக ஆடியவன் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்துப் பையன். எங்களுக்கு உள்ளரங்கம் ஏது? கடல் காற்று எழும்புவதற்குள் ஆட வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்துவிடுவோம். ராத்திரி அப்பாவோடு ஏரியில் இறால் வலைக்குப் போய்விட்டு, அப்படியே பஸ் ஏறி வருவான். கை முழுக்கக் கீறல் இருக்கும். அந்தக் கையால் வலைக்குப் பக்கத்தில் அவன் பந்தைத் தட்டி வைப்பதைப் பார்க்க வேண்டும்! நான் பின்னால் நின்று ஓங்கி அடிப்பேன். கைதட்டல் எனக்கு.

ஒரு கல்லூரிப் போட்டி இறுதி ஆட்டம். அப்போதெல்லாம் 15 பாயிண்ட். சர்வீஸ் நம்ம கையில் இருந்தால்தான் பாயிண்ட் ஏறும். மூன்றாவது கேம், 13-14. நடுவில் ஒரு பந்து வந்தது. அது அவன் பந்து. "எனக்கு" என்று குரலும் கொடுத்தான். நான் முந்திக்கொண்டு அடித்தேன். பந்து வலையில் விழுந்தது. தோற்றோம்.

அத்தோடு விட்டேனா? எல்லோர் முன்னாலும், "ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு வந்தா ஆட்டம் எப்படிடா வரும்?" என்று அவன்மேல் பழியைப் போட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறு வாரம் நான் வேறு ஜோடி தேடிக்கொண்டேன். அவன் ராக்கெட்டைத் தொடுவதையே விட்டுவிட்டான்.

பல வருஷம் கழித்து மீஞ்சூர் ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சுவாக்கில், ஏரியில் பாடு என்று ஒரு முறை இருப்பதைச் சொன்னான். மீன்படும் இடங்களை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். "பாடு வந்தவன் வலை போடுவான். மத்தவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் காத்திருப்பான். நம்ம ஆட்டத்துலயும் அப்படித்தான்னு நெனச்சிட்டு இருந்தேன்டா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

அன்று பழி சொன்னது நாலு பேர் முன்னால். அதனால் திருத்தத்தையும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும். அந்தப் பந்து அவனுடையது. ஆட்டம் போனது என்னால். நண்பர்களே, அவன் இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன். டேய், தப்பு என்னுது. மன்னிச்சிடு.

தம்பி தங்கைகளே, தோற்ற அன்றைக்கு ஜோடியைப் பற்றி நாம் என்ன பேசுகிறோமோ, அது ஸ்கோரைவிட நாள்பட நிற்கும். பேசிவிட்டீர்கள் என்றால், என்னைப் போல முப்பது வருஷம் தள்ளிப் போடாதீர்கள்.

நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வருவானா தெரியாது. நான் இரண்டு ராக்கெட்டோடு போவேன்.