ஏரிக்கரை விடியலுக்கு ஒரு 35 மி.மீ. லென்ஸ்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் ஊர்களில், கதிரவன் எழுமுன் கரையேறும் மீனையும் வலை பிரிக்கும் கைகளையும் குறைந்த செலவில் படமாக்க விரும்புவோருக்கு, 2009இல் நிக்கான் அறிமுகப்படுத்திய, 200 கிராம் எடையுள்ள 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸ் ஏற்ற துணையாகும். பிரைம் எனப்படும் இவ்வகையில் குவியத்தொலைவு மாறாதாகையால், காட்சியை நெருக்கப் படமெடுப்பவரே நடந்து செல்ல வேண்டும். கிராப் சென்சார் என்னும் சிறிய ஒளியுணரியில், முழுச்சட்டக் கேமராவில் 52 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பையே இது காட்டுகிறது. எஃப் 1.8 என்னும் அகன்ற துளை, எஃப் 4.5 துளையைவிட ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், மங்கிய வெளிச்சத்திலும் அசைவுகள் தெளிவாகப் பதிகின்றன.

குறைகளும் உண்டு. கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு இதில் இல்லை. துளையை முழுதும் திறந்தால், நீரின் பளபளப்புக்கு எதிரே படகு விளிம்புகளில் ஊதா நிறம் கசியும். சட்டத்தின் ஓரத்தில் அமையும் தொடுவானம் சற்றே வளையும். குளிர்காலத்தில் தொலைவில் மேயும் பூநாரைகள் வெறும் புள்ளிகளாகவே விழும். ஆயினும், வெளிச்சம் ஏறியபின் துளையை எஃப் 4 அளவுக்குச் சுருக்கி, படியும் உப்பை அன்றன்றே துடைத்து, மீனவர்களின் ஒப்புதலோடு அருகில் நின்று படமெடுப்போருக்கு, இந்த எளிய லென்ஸ் சிறந்த தொடக்கமாக அமையும்.