இறைக்காத கிணறு



குடலில் பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சில சமயம் வாய்வழியாக எதுவும் கொடுக்க முடியாது. அப்போது சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றுவார்கள். காய்ச்சலுக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுகிறோமே, அது வேறு. இது முழுச் சாப்பாடு. நாள்கணக்கில், வாரக்கணக்கில் போகும்.

உயிரைக் காக்கிற வைத்தியம்தான். ஆனால் ஒரு சங்கதி உண்டு.

நாம் சாப்பிட்டது குடலுக்கு வந்ததும், குடல் ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதுதான் பித்தப்பையைச் சுருங்க வைக்கும், பித்தநீரை வெளியே விடும். சாப்பாடே வரவில்லை என்றால்? பித்தப்பை சும்மா கிடக்கும். பித்தநீர் தேங்கும்.

இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பார்களே, அதே கதைதான். தேங்கிய பித்தநீர் கெட்டிப்படும். நாளடைவில் கல்லும் ஆகலாம்.

கல்லீரலுக்கும் சிரமம்தான். தேவைக்கு மேல் சர்க்கரை ஏறினால் கல்லீரலில் கொழுப்பு படியும். இப்படி ரத்தக்குழாய் வழியாக ஊட்டம் பெறும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பித்தம் தேங்கி மஞ்சள் காமாலையும் வரலாம். அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இதற்கு நல்ல வழி, குடலுக்குக் கொஞ்சமாவது வேலை கொடுப்பது. டாக்டர் சரி என்றதும் வாய்வழியாகவோ குழாய் வழியாகவோ சிறிதளவு உணவு. பச்சைக் குழந்தைக்குத் துளித்துளியாகத் தாய்ப்பால். வயிறு நிறையாது. ஆனால் குடல் வேலை செய்யும், பித்தப்பை சுருங்கும்.

நாமாக எதையும் ஊட்டிவிடக் கூடாது. ஆனால், "குடல் வழியாக எப்போது கொடுக்கத் தொடங்கலாம்?" என்று டாக்டரிடம் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள்.