டொராண்டோவில் பார்த்த ஐஸ் ஹாக்கி



சித்திரை வெயிலில் மலைக்கோட்டைப் பாறையில் வெறுங்காலோடு ஏறினவன் நான். என்னை 2023 ஜனவரியில் என் பேரன் டொராண்டோ ஸ்கோஷியாபேங்க் அரங்கத்துக்கு ஐஸ் ஹாக்கி பார்க்கக் கூட்டிப்போனான். மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டம். 1967க்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையைக் கண்ணால் பார்க்காத அணி. ஆனாலும் கூட்டத்தைப் பார்க்கணுமே!

பக்கத்துக்கு 6 பேர். 20 நிமிடமாக மூன்று பகுதி. பந்து கிடையாது; 'பக்' என்று உறைய வைத்த ரப்பர் வில்லை, 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். முதல் பகுதி முழுக்க அது எங்கே போகிறதென்றே எனக்குத் தெரியவில்லை. ஜனம் எழுந்தால் நானும் எழுந்தேன்.

"தாத்தா, பக்கைத் தேடாதீங்க. ஆளுங்க எந்தப் பக்கம் திரும்புறாங்கன்னு பாருங்க" என்றான். அதுவரை அவன் என்னிடம் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசினதில்லை.

இடைவேளையில் சாம்பொனி வண்டி வந்து பனித்தரையை மெழுகியது, அதுவும் வெந்நீர் விட்டு!

கோலுக்குப் பின்னால் வலை எதற்கு என்று கேட்டேன். 2002இல் கொலம்பஸ் நகரில் பக் பட்டு 13 வயதுச் சிறுமி இறந்துபோனாளாம், அதற்கப்புறம் கட்டினதாம். அவன் தோளில் போட்ட கையை நான் கடைசி வரை எடுக்கவில்லை.

கோடை விடுமுறைக்கு வருகிறான். பக்கத்து ஊர்களில் நல்ல கபடி எங்கே நடக்கும் என்று தெரிந்தவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் சொல்லுங்கள்.