யாருடைய காடு, யாருடைய நஞ்சு?

தோழர்களே, போர் அழித்த காட்டை மீட்பது பற்றிப் பேசச் சொன்னாங்க. மரம் நடறதப் பத்தி மட்டும் பேசினா அது வனத்துறைப் பேச்சாப் போயிடும். வியத்நாமை எடுத்துக்குவோம்.

1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானப்படை அங்கே 7 கோடி லிட்டருக்கும் மேலாகக் களைக்கொல்லியைத் தெளித்தது. போராளிகள் ஒளிய இலை இருக்கக் கூடாது, தின்னப் பயிர் இருக்கக் கூடாது. இதுதான் கணக்கு. அதிகம் கொட்டியது ஏஜெண்ட் ஆரஞ்ச். அதில் டையாக்சின் கலந்திருந்தது.

சைகோனுக்குத் தெற்கே கான் ஜியோவின் அலையாத்திக் காடு மொட்டையானது. 1978 முதல், கா மாவ் பகுதியிலிருந்து சுரபுன்னை விதைகளைக் கொண்டுவந்து சனங்க சேத்துல இறங்கி ஊன்றினாங்க. பெரும்பகுதி ஒரே வகை மரம்தான். ஆனாலும் காடு வந்துவிட்டது. 2000-இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. இப்படிப் பட்டம் வரும்போது சேறு மிதிச்சவங்க யாருன்னு நாமதான் கேட்க வேண்டியிருக்கு.

மலைப்பக்கம் கதை வேற. லாவோஸ் எல்லையோரம் ஆ லூய் பள்ளத்தாக்கு. பா கோ, தா ஓய், கொ து பழங்குடிகளின் மண். காடு செத்த இடத்தில் முரட்டுப் புல் மண்டியது. 'அமெரிக்கப் புல்'னு சனங்களே பேர் வச்சாங்க. கோடையில் அது பற்றி எரியும்; மரக்கன்று தப்பாது. அங்கே ஆ ஸோ என்ற பழைய ராணுவ முகாமின் மண்ணில் டையாக்சின் தங்கிவிட்டது. மண்ணிலிருந்து குளத்துச் சேற்றுக்கு, அங்கிருந்து மீனுக்கும் வாத்துக்கும், கடைசியில் தாய்ப்பாலுக்கு. 1990களின் பிற்பகுதியில் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின.

ஃபுங் து போய் என்ற வனவியலாளர் என்ன செஞ்சார்னா, அந்த இடத்தைச் சுத்தி முள்மரங்களை நெருக்கமா நட வச்சார். மாடும் பிள்ளைங்களும் உள்ளே போகாது. காயை விற்றால் நாலு காசும் வரும்னு கணக்கு. மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் இல்லாத இடத்தில் வேலிதான் மருத்துவம். எனக்கு இந்த வேலி அந்தப் பட்டத்தை விடப் பெரிசாப் படுது.

பணம் எங்கே போச்சு? 1984-இல் ரசாயனக் கம்பெனிகள் அமெரிக்க முன்னாள் படைவீரர்களோடு 18 கோடி டாலருக்குச் சமரசம் செய்தன. வியத்நாம் மக்கள் போட்ட வழக்கை 2005-இல் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நஞ்சு ஒண்ணுதான், உடம்புதான் வேற.

அமெரிக்கப் பணம் போட்டு தா நாங் விமான நிலைய மண்ணைச் சூடேற்றி நஞ்சை அழிக்கும் வேலை 2012-இல்தான் ஆரம்பமாச்சு. முடிய 2018 ஆச்சு. அதைவிட மோசமான பியன் ஹோவாவில் 2019-இல்தான் கை வச்சாங்க. தெளித்து நிறுத்தி 48 வருசம்.

கேள்வி எழுதிக் கொடுத்தவங்க சீட்டை இப்படி அனுப்புங்க.