உதவித்தொகையும் உரிய காலமும்



பிள்ளையைக் கல்லூரியிற் சேர்த்துவிட்டுக் கட்டணத்திற்குக் கடன் தேடும் தமிழ்க் குடும்பங்கள் கரமனையிலும் வலியசாலையிலும் இன்றும் உண்டு. அரசாங்கம் தரும் உதவித்தொகைக்குத் தம் பிள்ளை தகுதியுடையவன் என்பதையே அவர்களுட் சிலர் அறியார்.

மத்திய அரசின் கல்வி அமைச்சகம் கல்லூரி மாணவர்க்கென ஆண்டுதோறும் 82,000 புதிய உதவித்தொகைகளை ஒதுக்குகிறது. அவற்றுட் பாதி பெண்மக்களுக்கு உரியது. பட்டப் படிப்பின் முதல் மூன்றாண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். முதுநிலைப் படிப்பில் 20,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. வேறு உதவித்தொகை பெறுவோர்க்கு இஃது இல்லை.

பிளஸ் டூ தேர்வில் நூற்றுக்கு எண்பது மதிப்பெண் வேண்டுமென்று எண்ணி ஒதுங்குவோர் உளர். விதி கேட்பது அதுவன்று. தம் வாரியத்தில், தம் பாடப்பிரிவில் தேறியோரை வரிசைப்படுத்தினால், நூற்றுக்கு முதல் இருபது பேருள் ஒருவராய் இருத்தல் வேண்டும். தேர்வு எளிதாயின் எண்பது மதிப்பெண்ணும் போதாது; கடினமாயின் அதனிற் குறைந்ததும் போதும்.

தகுதியிருந்தும் தாள்களால் தடைப்படுவதே பெருந்துயரம். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை ஒரு சான்றிதழில் முன்னும், மற்றொன்றிற் பின்னும் எழுதுகிறோம். வேறொன்றில் முழுப்பெயராய் விரிக்கிறோம். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒன்றாகவே இருக்கட்டும். ஆதாருடன் இணைந்த கணக்கிற்கே பணம் நேராக வருகிறது. வருமானச் சான்றிதழைக் கிராம அலுவலரிடம் முன்னரே பெறுக. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்த பின், கல்லூரி அதனைச் சரிபார்த்ததா என்றும் கேட்டறிக. ஆண்டுதோறும் புதுப்பித்தற்கு 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் வேண்டும்.

பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மேற்படிப்பு உதவி 1944 முதல் நடந்து வருகிறது. ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர், குடிபெயர்ந்த மாநிலத்திலும் அவ்வாறே கருதப்படார் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வந்தோர், தம் சான்றிதழ் எந்த மாநிலத்தில் செல்லும் என்பதை முதலில் தெளிந்து விண்ணப்பித்தல் வேண்டும்.

நம் வருமானம் குறைவென்று எழுதிக் கொடுப்பதில் இழிவொன்றும் இல்லை. நாணத்தால் நாம் வாளாவிருந்தால் நட்டம் பிள்ளைக்கே. நம் காலனியிற் படித்த இளைஞர், தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில், ஆளுக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் தாள்களையேனும் சரிபார்த்துக் கொடுப்பார்களாக. சங்கம் செய்யத்தக்க தமிழ்த் தொண்டுகளுள் இதுவும் ஒன்று.