வேகத்தைக் குறைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

எபிசோடுக்குள் போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்க தெருவில் வண்டிகள் எவ்வளவு வேகத்தில் போகலாம்னு யார் முடிவு பண்ணணும்? உங்க மாநகராட்சியா, இல்லை 240 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு சட்டமன்றமா?

நான் கொஞ்ச காலம் படிப்புக்காக நியூயார்க்கில் இருந்தேன். குயின்ஸ் பகுதியில் ரூம். ரூமுக்கும் சப்வே ஸ்டேஷனுக்கும் நடுவில் குயின்ஸ் புலிவார்டு. மகா அகலமான சாலை. எத்தனையோ பேர் அடிபட்டுச் செத்ததால் அந்த ஊர் பத்திரிகைகள் அதுக்கு 'மரணச் சாலை'ன்னே பேர் வச்சிருந்தாங்க. அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு யோசனை வரும். இவ்வளவு பெரிய ஊர், இவ்வளவு பவர்ஃபுல்லான மேயர், ஒரு கையெழுத்துப் போட்டு வேகத்தைக் குறைச்சா என்னன்னு. ஒருநாள் ரூம்மேட்டிடம் கேட்டேன். "மேயரால முடியாதுப்பா, ஆல்பனியில கேக்கணும்"னு சொன்னான். ஜோக் அடிக்கிறான்னு நினைச்சேன். ஜோக் இல்லை.

ஆல்பனிதான் நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம். அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகரங்களைப் பற்றி ஒரு வார்த்தை கூட கிடையாது. நகரம் என்பது மாநிலம் உண்டாக்கிய அமைப்பு, மாநிலம் கொடுத்த அதிகாரம்தான் அதுக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1907-லேயே சொல்லிவிட்டது. நியூயார்க் மாநில மக்களில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இந்த ஒரு நகரத்தில்தான் இருக்காங்க. ஆனாலும் வேக வரம்பு, கேமரா, வருமான வரி, வாடகைக் கட்டுப்பாடு, பள்ளிகளை யார் நடத்துவது, இப்படி எதைத் தொட்டாலும் ஆல்பனி வாசலில் போய் நிற்கணும்.

அதனால் மேயருக்கு ஆல்பனியில் தனி ஆபீஸே இருக்கு. மாநிலச் சட்டமன்றம் ஜனவரியில் கூடி ஜூனில் கலையும். நடுவில் ஏப்ரல் 1-க்குள் பட்ஜெட் போடணும். அதுக்கு முன்னால் நகரம் தன்னுடைய கோரிக்கைப் பட்டியலைத் தயார் பண்ணும். எந்தச் சட்டம் வேணும், எவ்வளவு பணம் வேணும், எது முதலில், எது அப்புறம் என்று. பட்ஜெட் விசாரணையில் மேயர் நேரில் போய் பேசுவார். அந்த நாளுக்கு அங்கே செல்லப் பேரு 'தகரக் குவளை நாள்'. நம்ம பாஷையில் சொன்னா, திருவோடு ஏந்துற நாள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஆசைகளின் லிஸ்ட் மாதிரி தெரியும். ஆனா அதை ஒரு நகரத்திடம் இல்லாத அதிகாரங்களின் லிஸ்ட்டாகப் படிச்சுப் பாருங்க. அப்பதான் எந்த வரிசையில் கேட்கிறார்கள் என்பதுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னு புரியும்.

வேக வரம்புக் கதையைச் சொல்றேன். 2013 அக்டோபரில் புரூக்ளினில் 12 வயசுப் பையன் ஒருத்தன், தன் வீட்டு வாசலுக்கு எதிரே வேன் மோதி இறந்து போனான். அவன் பேர் சாமி. அடுத்த வருஷம் மேயர் பில் டி பிளாசியோ, சாலை மரணமே இருக்கக் கூடாது என்ற இலக்கோடு 'விஷன் ஜீரோ' திட்டத்தைக் கொண்டு வந்தார். முதல் கோரிக்கை, நகரத்தின் பொதுவான வேக வரம்பை மணிக்கு 30 மைலில் இருந்து 25-ஆகக் குறைக்கணும். அதாவது 48 கிலோமீட்டரில் இருந்து 40. சட்டமன்றம் சம்மதிச்சது. 2014 நவம்பர் 7 முதல் அமலுக்கு வந்தது.

25-க்கு அனுமதி கிடைத்தது சரி. ஆனால் நகரம் தானே முடிவு பண்ணி 20-க்கு இறங்க அப்போ முடிஞ்சதா? முடியலை. பள்ளிப் பக்கம் மாதிரி சில இடங்கள் தவிர, பொதுவாக அதுக்குத் திரும்பவும் ஆல்பனியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்தது கேமரா. பள்ளிகளுக்குப் பக்கத்தில் வேகத்தைப் பிடிக்கிற கேமரா வைக்க 2013-ல் முதல் அனுமதி கிடைச்சது. எத்தனை பள்ளி மண்டலம்? வெறும் 20. அடுத்த வருஷம் 140. அபராதம் 50 டாலர். எந்த நேரத்தில் கேமரா ஓடலாம் என்பதைக்கூட மாநிலச் சட்டம்தான் சொன்னது. பள்ளி நேரத்தில் மட்டும். ராத்திரி எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்தக் கேமரா கண்ணை மூடிக்கும்.

இதைவிட முக்கியமான விஷயம், அந்த அனுமதிக்குக் காலாவதி தேதி இருந்தது. 2018 ஜூலையில் சட்டம் முடியுது. புதுப்பிக்கணும். மாநில செனட் ஓட்டெடுப்பே நடத்தாமல் கலைந்துவிட்டது. அபராதச் சீட்டு போவது நின்றது. பள்ளி திறக்கிற நேரம் நெருங்கியதும் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ அவசரநிலை அறிவித்து, நகர மன்றம் அவசரமாக ஒரு சட்டம் போட்டு, சுத்தி வளைச்சுத்தான் கேமராக்களை மறுபடி உயிர்ப்பிச்சாங்க.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. காலாவதி தேதி வச்சுக் கொடுத்தா, நகரம் திரும்பத் திரும்ப வந்துதான் ஆகணும். ஒவ்வொரு தடவை வரும்போதும் அதுக்குப் பதிலாக வேற ஏதாவது கேட்கலாம். மேயர் கையில் பள்ளி நிர்வாகம் இருப்பதும் இதே கதைதான். 2002-ல் கொடுத்தாங்க, அதிலிருந்து சில வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கணும். இப்படி ஆகும்போது, நகரத்தின் பட்டியலில் பாதி இடத்தை ஏற்கெனவே வாங்கினதைத் தக்க வைக்கிற வேலையே பிடிச்சுக்கும். புதுசாக் கேட்க மூச்சு இருக்காது.

2018 நவம்பரில் மாநில செனட் தேர்தல் நடந்து பெரும்பான்மை மாறியது. 2019-ல் 140 மண்டலம் 750 ஆனது. கவனிங்க, மேயர் மாறலை. அதே மேயர், அதே கோரிக்கை. மாறினது ஆல்பனி. நான் உட்பட எல்லாரும் மேயர் பேச்சைத்தான் பார்த்துட்டிருப்போம். மாநில செனட்டர் யாருன்னு என் ரூமில் ஒருத்தருக்கும் தெரியாது.

2022-ல் புது மேயர் எரிக் ஆடம்ஸ் பெருசா ஒண்ணு கேட்டார். கேமரா, வேக வரம்பு எல்லாத்தையும் எங்களிடமே விட்டுடுங்கன்னு. கிடைக்கலை. கடைசியில் 24 மணி நேரமும் கேமரா ஓடலாம் என்ற அனுமதியோடு திரும்பினாங்க. அதுக்கும் மூணு வருஷக் கெடு. அந்த பேரத்தில் தோத்துட்டாங்கன்னு சிலர் சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணலை. ராத்திரி ரோட்டைக் கடக்கிற ஒருத்தருக்கு அதிகாரம் யார் கையில் இருக்குங்கிறதை விட, அந்தக் கேமரா விழிச்சிருக்கிறதுதான் முக்கியம். ஆனா விட்டுக்கொடுத்த விஷயத்துக்கு யார் விலை கொடுத்தாங்க என்பதையும் பார்க்கணும்.

20 மைல் கோரிக்கை அப்படி விட்டுப்போன ஒண்ணு. சாமியின் பேரில் ஒரு மசோதா இருந்தது. 2023 ஜூனில் செனட் நிறைவேற்றியது, அசெம்பிளி ஓட்டுக்கே எடுக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஆல்பனியில் உண்ணாவிரதம் இருந்தாங்க. அப்பவும் நடக்கலை. 2024 ஏப்ரலில் பட்ஜெட்டோடு சேர்த்துத்தான் நிறைவேறியது. பெரும்பாலான தெருக்களில் 20 மைல் வரை, அதாவது 32 கிலோமீட்டர் வரை, இனி நகரமே குறைச்சுக்கலாம். அந்தப் பையன் உயிரோடு இருந்திருந்தால் அப்போ அவனுக்கு 20 வயசு தாண்டியிருக்கும்.

சரி, இதில் நமக்கு என்ன? நம்ம ஊரிலும் அமைப்பு ரொம்ப வேற இல்லை. 1992-ல் வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களுக்குக் கொடுக்கக்கூடிய 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. ஆனா எதைக் கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். சென்னையில் தண்ணிக்குத் தனி வாரியம், பஸ்ஸுக்கு மாநில அரசின் எம்டிசி, பெருநகரத் திட்டத்துக்கு சிஎம்டிஏ. நாம கவுன்சிலரைத் திட்டுகிற பல விஷயம் அவர் கையிலேயே இல்லை.

நியூயார்க்கில் ஒரு வசதி இருக்கு. நகரம் என்ன கேட்குது, எந்த வரிசையில் கேட்குது என்பது பொதுவெளியில் இருக்கு. சாமியின் அம்மா மாதிரி ஒருத்தர் அதை எடுத்துப் படிச்சு, "இது ஏன் கீழே இருக்கு?"ன்னு கேட்க முடியும். அவங்க கேட்டதால்தான் அது மேலே வந்தது.

அதனால் உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க வார்டு கவுன்சிலரை அடுத்த முறை பார்க்கும்போது, ரோடு ஏன் இப்படி இருக்குன்னு கேட்கிறதோடு இன்னொண்ணும் கேளுங்க. "மாநில அரசிடம் இந்த வருஷம் மாநகராட்சி முதலில் என்ன கேட்டிருக்கு?" என்ன பதில் வந்ததுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க. பதிலே வரலைன்னாலும் அதையும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் அதிலிருந்தே பேச்சைத் தொடங்குவோம்.