உத்தரித்தலும் இளைப்பாற்றியும்

இறந்தோருக்காக வேண்டும் கத்தோலிக்க வழக்கத்தை ஆராயக் கூடியுள்ள இக்கருத்தரங்கு, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கல்லறைத் தோட்டங்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இங்குள்ள மக்கள் இவ்வழக்கத்தின் கோட்பாட்டை நூல்களில் கற்றதைவிட, கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2 அன்று, புல் செதுக்கிச் சுண்ணாம்பு பூசி மெழுகுவர்த்தி ஏற்றிய கைகளின் வழியாகவே மிகுதியும் கற்றுள்ளனர்.

கடவுளின் அருளில் இறந்தும் முழுத்தூய்மை எய்தாத ஆன்மா, விண்ணகம் புகுமுன் பெறும் தூய்மையாக்கத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்றனர். உத்தரித்தலாவது பட்டுத் தீர்த்தல், ஈடுசெய்தல். தோளில் அணியும் உத்தரியம் வேறு சொல். இத்தொடரில் வினையே உயிராக இருக்க, மக்களின் கற்பனையோ 'ஸ்தலம்' என்ற பெயரைப் பற்றிக்கொண்டு நெருப்பையும் ஆண்டுக் கணக்கையும் அதில் சேர்த்தது. ஆயினும் 1439இல் புளோரன்ஸ் சங்கமும் 1563இல் திரிதெந்தீன் சங்கமும் வரையறுத்தவை இரண்டே: தூய்மையாக்கம் உண்டு, வாழ்வோரின் மன்றாட்டு, சிறப்பாகத் திருப்பலி, அவ்வான்மாக்களுக்கு உதவும். நுண்ணிய வினாக்களை எளிய மக்களுக்கான மறையுரையில் எழுப்பவேண்டாம் என்றும், ஆதாய நோக்குள்ள பழக்கங்களை விலக்கவேண்டும் என்றும் பின்னது கட்டளையிட்டது. 1999 ஆகஸ்ட் 4 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அது இடமன்று, நிலையே என விளக்கியபோது, 'உத்தரித்தல்' என்ற வினை முன்பே சுமந்திருந்த பொருளே தெளிவுபெற்றது எனலாம்.

இக்கோட்பாடு எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மறைப்பணியாளர் சார்ந்த மரபு இதை ஏற்கவில்லை. இறந்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுத்ததைக் கூறும் மக்கபேயர் இரண்டாம் நூலும் அம்மரபில் இறைவாக்காகக் கொள்ளப்படவில்லை. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் எனப் பாடிய வீரமாமுனிவர், லூத்தரன் தரப்பை மறுக்க 'வேத விளக்கம்' எழுதினார். இறையியல் வழக்காடும் ஆற்றலைத் தமிழ் உரைநடை பெற்றதில் இம்மண்ணுக்கும் பங்குண்டு என்பதை இலக்கிய வரலாறு இன்னும் அழுத்தமாகப் பதியவேண்டும்.

இல்லறத்தான் கடமைகளுள் தென்புலத்தாரை முதலில் வைத்த வள்ளுவர் நாட்டில், இறந்தோரை நினைத்தல் புதியதன்று. ஆயினும் கத்தோலிக்கர் அவர்களை வழிபடுவதில்லை, அவர்களுக்காகக் கடவுளிடம் வேண்டுகின்றனர். வேண்டப்படுவது 'இளைப்பாற்றி'. நெடுவழி நடந்தவர் நிழல் தேடும் சொல் அது. தண்டனையின் அச்சத்தைவிட நடையின் களைப்பையே அது முன்வைக்கிறது. உத்தரித்தலை இச்சொல்லோடு சேர்த்துப் படிக்காத ஆய்வு, இம்மக்களின் நம்பிக்கையைப் பாதியே அறியும். ஆகவே இவ்வமர்வுகளின் கட்டுரையாளர்கள், திருச்சபைச் சங்கங்களின் ஏடுகளோடு கல்லறைக் கல்லெழுத்துகளையும், உபதேசியார் வீடுகளில் எஞ்சியுள்ள பழைய செபப் புத்தகங்களையும், திருப்பலிக் கருத்துகள் எழுதப்பட்ட பங்குக் குறிப்பேடுகளையும் சான்றாகக் கொள்ளுமாறு வேண்டப்படுகின்றனர். கல்லெழுத்துகள் சுண்ணாம்புப் பூச்சில் ஆண்டுதோறும் மறைந்து வருவதால், அவற்றைப் படியெடுக்கும் பணியே முதலில் நடைபெறவேண்டும்.